மண் யார் பேரில்?

உம்பாயின் சுட்டமீன் கடைகளைத் தாண்டி, தெலோக் மாஸ் வழியாகக் கடற்கரைச் சாலையில் போனால் அரை மணிக்குள் மலாக்கா நகரம். அங்குள்ள பழைய கடைவீடுகளில் முன்பு யார் யார் குடியிருந்தார்கள் என்று பார்த்துவரத்தான் கிளம்பினேன்.

முதலில் ஜாலான் துன் டான் செங் லாக். வாசல் பக்கம் குறுகலாகவும் உள்ளே போகப் போக நீண்டுகொண்டேயும் இருக்கும் வீடுகள். இவற்றில் 8ஆம் எண் வீடு டச்சுக்காரர் காலத்தது. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான படான் வாரிசான் மலேசியா அதைப் பழுதுபார்த்து, பழுதுபார்த்த முறையையும் வருகிறவர்களுக்கு விளக்குகிறது. கடல்பக்க வரிசையின் பின்வாசலில் ஒருகாலத்தில் அலை அடித்தது. கடலைத் தூர்த்த பிறகு தண்ணீர் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது. பணக்கார பாபா குடும்பங்கள் வாழ்ந்த தெரு இது. இன்று அஞ்சடியில் நடந்தால் தங்கும் விடுதி, காப்பிக் கடை, அருங்காட்சியகம், மறுபடியும் தங்கும் விடுதி.

ஆட்கள் எங்கே போனார்கள்? 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டிய வீடுகளுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் வாடகை உச்சவரம்பு விதித்திருந்தது. தையல்காரர், தச்சர், பலசரக்குக்காரர் எல்லாம் சொற்ப வாடகையில் தலைமுறையாக இருந்தார்கள். 1997இல் அந்தச் சட்டம் ரத்தானது. 1999 முடிவோடு, மாற்றத்துக்குத் தந்த அவகாசமும் தீர்ந்தது. வாடகை ஏறியது, குடியிருந்தவர்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். ஆளில்லாத சில மாடிகளைக் கூட்டுக்காக உழவாரக் குருவிகளுக்குத் திறந்துவிட்டார்கள். 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டயம் வந்தபோது சுவர்கள் பத்திரமாக இருந்தன.

நம் தோட்டப்புற மக்களுக்கு இது புதுக் கதை அல்ல. டான் சாய் யான் ரப்பர் நட்ட புக்கிட் அசகான் இதே மாநிலத்தில்தான். தோட்டம் கைமாறினால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். லயத்துக்குப் பட்டயமும் கிடையாது. ஆளும் போனார், சுவரும் போயிற்று.

அடுத்துப் போன ஜாலான் துக்காங் எமாஸ், பொற்கொல்லர் தெரு. 1748இல் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசலுக்குச் சில எட்டில், 1781இல் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். டச்சு ஆட்சி தந்த மனையில், தமிழ் வணிகர் வழிவந்த, மலாய் பேசும் மலாக்கா செட்டிகள் எழுப்பியது. இன்று அங்கே அன்றாடப் பூசையை நடத்துகிறவர்கள் நகரத்தார். தெருவில் இருந்த செட்டிக் குடும்பங்களோ என்றோ நகருக்கு வெளியே காஜா பெராங்குக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

அங்கே போனேன். கம்போங் செட்டியின் வீடுகள் தாழ்ந்தவை. நிலைப்படிக்கு மேல் காய்ந்த மாவிலைத் தோரணம், முன்னால் திண்ணை, உள்ளே சாமி மேடை. சாரோங் கட்டிய ஒரு பாட்டி, "மாசோக், மாசோக்" என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேசினோம். பொங்கலுக்கு முந்தின நாள் மூதாதையருக்கு வாழையிலை விரித்துப் படைப்பதைச் சொன்னார்: சோறு, கறிகள், பலகாரம், தாத்தாவுக்குப் பிடித்த சுருட்டுகூட. எந்த அறையில் யார் பிறந்தார், எந்தத் திண்ணையில் யார் கடைசியாகப் படுத்திருந்தார் என்றெல்லாம் விரல் நீட்டிக் காட்டினார். நகரத்தின் எந்த அருங்காட்சியகத்திலும் இவ்வளவு விவரம் எனக்குக் கிடைக்கவில்லை.

இவர்கள் மட்டும் எப்படி நிலைத்தார்கள்? இந்த மண் தனியார் பேரில் இல்லை. கோயில் அறங்காவலர் பொறுப்பில் இருக்கிறது. விலை ஏறினாலும் ஒருவர் தன் பங்கை விற்றுவிட்டுப் போக முடியாது. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் நெருக்குகின்றன, இளையவர்கள் வேலைக்கு வெளியூர் போகிறார்கள். ஆனாலும் படையலுக்குத் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது.

பழைய தெருவைக் காப்பாற்ற மனுப் போடுகிறவர்கள் ஓட்டையும் தூணையும் எண்ணுவதற்கு முன்னால் நிலப்பட்டாவை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.