ஆள் இருக்கிறான்

ஆளில்லாத விமானம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அந்தப் பெயரைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆள் இல்லாமல் ஒரு காரியம் நடக்கிறது என்று யாராவது சொன்னால், 'ஆளை எங்கே ஐயா ஒளித்து வைத்தீர்?' என்று கேட்கத்தான் தோன்றும். இந்த விமானத்துக்கும் ஆள் உண்டு. அவன் அதற்குள் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நெவாடா மாகாணத்தில், லாஸ் வேகாஸ் என்னும் சூதாட்டப் பட்டணத்திலிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால், பாலைவனத்தின் நடுவே க்ரீச் என்று ஒரு விமானப்படைத் தளம் வருகிறது. ஆப்கானிஸ்தானத்தின் மேல் பறந்த 'பிரிடேட்டர்' விமானங்களை அங்கே இருந்துதான் ஓட்டினார்கள். (2018-ல் அந்த ரகத்துக்கு ஓய்வு கொடுத்து, அதைவிடப் பெரிய 'ரீப்ப'ரை அதன் இடத்தில் வைத்துவிட்டார்கள். ஏற்பாடு என்னவோ அதேதான்.) குளிர்ச்சி செய்யப்பட்ட ஒரு சின்ன அறை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் விமானி, மற்றொன்றில் காமிராவைத் திருப்புகிறவன். இவர்கள் கை அசைத்தால், அந்த அசைவு கம்பி வழியே ஜெர்மனியிலுள்ள ராம்ஸ்டைனுக்குப் போய், அங்கிருந்து வானத்துச் செயற்கைக் கோளுக்கு ஏறி, ஆப்கானிஸ்தானத்தில் இறங்க வேண்டும். காமிரா பார்த்தது அதே வழியில் திரும்ப வேண்டும். இதற்கு ஒரு ஸெகண்டு, சில சமயம் அதற்கும் மேலே ஆகிவிடும்.

ஒரு ஸெகண்டு என்ன பிரமாதம் என்கிறீர்களா? தரையைத் தொடப் போகிற விமானத்துக்கு அது ஆயுள் முடிவு. ஆகையால் விமானத்தைக் கிளப்பவும் இறக்கவும் ஆப்கானிஸ்தானத்து ஓடுபாதையின் அருகிலேயே வேறு ஒரு கோஷ்டியை வைத்திருந்தார்கள். அவர்கள் அதை மேலே ஏற்றிவிட்டு, இடுப்புக் குழந்தையைக் கைமாற்றுவதுபோல் நெவாடாக்காரர்களிடம் கொடுத்துவிடுவார்கள்.

பட்டம்போல் சின்ன டிரோன் விடுகிறவர்களுக்கு, கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள்ளேயே விடவேண்டும் என்று அமெரிக்கா 2016-ல் விதி செய்தது. அப்பால் அனுப்பத் தனி அனுமதி வேண்டும். அப்பால் போவதெல்லாம் கொலைக்குத்தான் என்று நினைத்துவிடக் கூடாது. நம் மணிப்பூரில், 2021 அக்டோபர் 4-ஆம் தேதி, பிஷ்ணுபூர் ஆஸ்பத்திரியிலிருந்து லோக்டாக் ஏரியின் நடுவிலுள்ள கராங் தீவுக்குக் கொரோனாத் தடுப்பு மருந்து இப்படித்தான் போயிற்று. ஆகாய மார்க்கத்தில் 15 கிலோமீட்டர். கால் மணி நேரத்துக்குள் காரியம் முடிந்தது. சந்தோஷமான செய்திதான். ஆனாலும் என் மனம் என்னவோ அந்த நெவாடா அறையைச் சுற்றியே வருகிறது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். 1971 யுத்தத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார். பிரிடேட்டரைப் பற்றிச் சொன்னேன்.

"நாங்க சுட்ட குண்டு எங்கே விழுந்துதுன்னு எனக்குத் தெரியாது, ஸார்" என்றார். "முன்னாலே ஒரு மேட்டிலே எங்க ஆபீஸர் பைனாகுலரோட படுத்திருப்பார். 'இன்னும் 200 கஜம் வலது பக்கம்'னு ரேடியோவிலே சொல்வார். நாங்க திருப்பி வெச்சுச் சுடுவோம். கண்ணு அவரோடது, கை எங்களோடது. அதனாலேதான் ராத்திரி தூக்கம் வந்தது."

நெவாடாக்காரனுக்குக் கண்ணும் அவனே, கையும் அவனே. சண்டையிட்டவர்களில் இவ்வளவு தூரத்தில் இருந்தவனும் கிடையாது. இவ்வளவு கிட்டத்தில் பார்த்தவனும் அநேகமாகக் கிடையாது. ஒரு வீட்டை நாள் கணக்கில், வாரக் கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். யார் எப்போது வெளியே வருகிறார்கள், குழந்தைகள் எந்த மூலையில் விளையாடுகின்றன, எல்லாம் அத்துப்படி. பழைய நாளில் குண்டு போட்ட விமானி திரும்பிப் போய்விடுவான். இவனோ அங்கேயே வட்டமிட்டு, செத்தவர்களை எண்ணிச் சொல்ல வேண்டும். பிறகு காரை எடுத்துக்கொண்டு வீடு. வழியில் பால் வாங்க வேண்டியிருக்கலாம். பையனுக்குக் கணக்குப் பாடம் சொல்லித் தர வேண்டியிருக்கலாம். டிரோன் விமானிகளுக்கும் நிஜ விமானத்தில் போகிறவர்களுக்கும் மனநோய் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது என்று 2013-ல் அமெரிக்க ராணுவ வைத்தியர்கள் கண்டார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அதே 2013 பிப்ரவரியில் இவர்களுக்கென்று ஒரு புதுப் பதக்கம் அறிவித்தார்கள். போர்க்களத்தில் கொடுக்கும் வெண்கல நட்சத்திரத்தைவிட அது உயர்ந்தது என்றதும் பழைய சிப்பாய்கள் கொதித்து எழுந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லாதவனுக்கு வீரப் பதக்கமா? இரண்டே மாதத்தில் பதக்கத்தை ரத்து செய்துவிட்டார்கள். சிப்பாய்களின் கேள்வி நியாயந்தான். ஆனால் உடம்பில் பட்ட காயத்தை மட்டுமே காயம் என்று எண்ணிக் கேட்டது அது.

சுபேதாரிடம் நான் சொன்ன இன்னொரு விஷயம், உருஸ்கானில் நடந்தது. 2010 பிப்ரவரி 21, விடிகிற நேரம். மூன்று வண்டிகளில் ஊரார் முப்பது பேர் வரை மலைப்பாதையில் போகிறார்கள். கடைச் சரக்கு வாங்கப் போகிறவர்கள், மாணவர்கள், வைத்தியத்துக்குப் போகிறவர்கள், ஈரானுக்குப் பிழைக்கப் போகிறவர்கள், குழந்தைகளோடு குடும்பங்கள். க்ரீச்சிலிருந்து ஒரு பிரிடேட்டர் மூன்று மணி நேரத்துக்கு மேல் அவர்களைத் தொடர்ந்தது. படத்தை ஃப்ளாரிடாவில் உட்கார்ந்து பார்த்தவர்கள், குழந்தைகள் இருப்பதுபோல் தெரிகிறதே என்றார்கள். விமானத்தை ஓட்டியவர்களுக்கு அது ரசிக்கவில்லை. வழியில் வண்டிகள் நின்றன. ஆண்கள் இறங்கித் தொழுதார்கள். தாலிபான்கள் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளமாகிவிட்டது!

ஹெலிகாப்டர்கள் வந்து சுட்டன. அமெரிக்கர் கணக்கில் செத்தவர்கள் 15 அல்லது 16 பேர். ஊர்ப் பெரியவர்கள் கணக்கில் 23, இரண்டு சின்னப் பையன்கள் உள்பட. புகை விலகியதும் அதே காமிராவில் பெண்களும் குழந்தைகளும் தெரிந்தார்கள். மூன்று மணி நேரமும் அந்த வண்டிகளுக்குள்தான் அவர்கள் இருந்திருக்கிறார்கள். விமானத்தை ஓட்டியவர்கள் தவறான தகவல் கொடுத்தார்கள் என்று மேஜர் ஜெனரல் மக்ஹேல் விசாரித்து எழுதினார்.

தூரம் ஜாஸ்தியானதால் வந்த பிசகு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படம் வந்துகொண்டுதானே இருந்தது? எதிரி என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டவன் அடுத்த தெருவில் நின்று பார்த்திருந்தாலும், தொழுகிறவர்களை எப்படிப் பார்த்திருப்பான்?

சுபேதார் வெகுநேரம் பேசவில்லை. வெற்றிலையை மடித்துக் கையிலேயே வைத்திருந்தார்.

"எங்க பீரங்கிக்கு நேரே ஒரு கிராமம், ஸார். நான் கண்ணாலே பார்த்ததில்லை. மேப்பிலே பேர் போட்டிருக்கும்."

"பேர் ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

சொன்னார். 50 வருஷத்துக்கு மேலாகியும் ஓர் எழுத்துக்கூடத் தடுமாறவில்லை.