இருபது முகத் தாயக்கட்டையும் எங்க ஊர் ஐயனார் காடும்

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா எங்க வீட்டு ஹால் எங்களுக்குச் சொந்தமில்லை. எட்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு, அவ கூட்டாளிங்க நாலு பேர், பேப்பர், பென்சில், ரெண்டு பாக்கெட் பாக்கர்வடி, அப்புறம் விதவிதமான தாயக்கட்டைகள். நான் லேப்டாப்பைத் தூக்கிட்டு பால்கனிக்குப் போயிடுவேன். (புனேல வேலை பார்க்கிறவனுக்கு ஞாயித்துக்கிழமையும் ஆணி உண்டுங்கறது உங்களுக்குத் தெரியாததா!)

விளையாட்டு பேரு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. போர்டு கிடையாது, காய் கூட கட்டாயமில்லை. ஒருத்தர் கதை சொல்லணும், மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா மாறி "நான் இப்ப இதைச் செய்றேன்"னு சொல்லணும். நடக்குதா இல்லையான்னு இருபது முகம் உள்ள கட்டையை உருட்டிப் பார்ப்பாங்க. 1974ல அமெரிக்காவுல கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் கொண்டு வந்தது.

எங்க பொண்ணு அதுல 'ட்ரூயிட்'. அதாவது காட்டுப் பூசாரி. அந்தப் பாத்திரத்தை 1976லயே ஆடுறவங்களுக்குக் கொடுத்துட்டாங்களாம். 1978ல வந்த விதிப்புத்தகப்படி ட்ரூயிட்டுக்கு மரமும் சூரியனும் சந்திரனும்தான் தெய்வம். காட்டைக் காப்பாத்தணும், உலோகக் கவசம் போடக் கூடாது.

நிஜ ட்ரூயிட்டுகள் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி பிரான்ஸ், பிரிட்டன் பக்கம் இருந்தவங்க. அவங்க எழுதி வச்சது எதுவும் நம்ம கைக்கு வரலை. சீசர், பிளினி மாதிரி ரோமானியர்கள் எழுதினதை வச்சுத்தான் கொஞ்சம் தெரியும். வெள்ளை உடை போட்டு, ஓக் மரத்துல ஏறி, தங்க அரிவாளால ஒரு புல்லுருவிச் செடியை அறுப்பாங்கன்னு பிளினி எழுதியிருக்கார்.

இதெல்லாம் ஆட்டத்தோட நின்னிருந்தா நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன்.

நாலஞ்சு மாசமா பொண்ணு கிட்ட ஒரு மாற்றம். எங்க குடியிருப்பு வாசல்ல ஒரு பெரிய அரச மரம் இருக்கு. ஸ்கூல் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி அதைத் தொட்டுட்டுத்தான் போறா. பால்கனி துளசித் தொட்டி பக்கத்துல ஒரு கூழாங்கல், ஒரு காஞ்ச கிளை, அந்த இருபது முகக் கட்டை. மழை வந்தா போய் ரெண்டு நிமிஷம் கண்ணை மூடி நிக்கிறா. தங்கமணிக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. "என்னங்க, கும்பிட நம்ம வீட்ல சாமியா இல்ல? விளையாட்டுல வர்ற சாமியப் போய்..."

எனக்கும் கொஞ்சம் பயம்தான். 1980கள்ல அமெரிக்காவுல இதே ஆட்டத்தைப் பார்த்து பெத்தவங்க "பிசாசு வழிபாடு"ன்னு பெரிய கூச்சல் போட்டிருக்காங்க. சரி, நாமளும் கொஞ்சம் படிச்சுப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன். படிச்சதுல ரெண்டு விஷயம் மனசுல நின்னுச்சு.

ஒண்ணு, 1963ல மினசோட்டாவுல கார்ல்டன்னு ஒரு கல்லூரி. மாணவர்கள் கட்டாயம் மத வழிபாட்டுக்குப் போகணும்னு விதி. அதைக் கிண்டல் பண்ண சில பசங்க "நாங்க ட்ரூயிட் மதம், மரத்தடியிலதான் கும்பிடுவோம்"னு ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே கல்லூரி விதியை எடுத்துடுச்சு. ஆனா இவங்க கூட்டம் கலையலை! கிண்டலா போனவங்களுக்கு மரத்தடி பிடிச்சுப் போச்சு.

இன்னொண்ணு, பெர்க்லியில அதே கூட்டத்துல சேர்ந்த ஐசக் பான்விட்ஸ். 1978ல இந்த மாதிரி ஆட்டங்கள்ல மந்திரத்துக்கு விதி எப்படி இருக்கணும்னு ஒரு புத்தகம் போட்டார். அதே மனுஷன் 1983ல நிஜமாவே ஒரு ட்ரூயிட் வழிபாட்டு அமைப்பைத் தொடங்கிட்டார்.

ஆட்டம் எங்க முடியுது, பக்தி எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போட முடியலை. தங்கமணி கிட்ட சொன்னேன். "வெள்ளைக்காரங்க கதையெல்லாம் நமக்கு எதுக்கு?"ன்னாங்க. அதுவும் சரிதான். அப்பதான் எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுது.

புதுக்கோட்டைப் பக்கம் எங்க ஊர். கண்மாய்க்கரை தாண்டினா ஐயனார் கோயில் காடு. வீரை, பாலை, உசிலைன்னு பகல்லயே இருட்டிக் கிடக்கும். வாசல்ல மண் குதிரைங்க. சுள்ளி கூடப் பொறுக்கக் கூடாது. சாமி கையில இருக்கற அருவாளைத் தவிர வேற அருவா உள்ள வரக் கூடாதுங்கறது கட்டளை.

எங்க தாத்தா சாமியாடி. சாதாரண நாள்ல நாலு பேர் முன்னாடி பேசவே கூச்சப்படுவார். உடுக்கைச் சத்தம் ஏறினா கருப்பர் வந்துடும். ஒரு வருஷம் அருள் வந்த நிலையில "எங் காட்டுல கெளை ஒடிச்சது எவன்டா?"ன்னு கேட்டார் பாருங்க, ஊர்ல பெரிய மனுஷன் ஒருத்தர் நடுங்கிப்போய் கால்ல விழுந்தார். மறுநாள் "ஏந் தாத்தா அப்படிக் கேட்டீங்க?"ன்னா, "எனக்கென்னய்யா தெரியும், கேட்டது அவன்"ம்பார்.

யோசிச்சுப் பார்த்தா நம்ம மொழியிலயே சாமியும் ஆடுது, பிள்ளைகளும் விளையாடுது. ரெண்டுலயும் 'ஆடு'தான். தாத்தா ஆடினதையும் பொண்ணு ஆடுறதையும் ஒண்ணுன்னு சொல்லலை. தாத்தாவுக்கு அது வேஷம் இல்லை, சத்தியம். ஆனா ரெண்டு பேருக்கும் காட்டுக்குள்ள ஒரு விதி இருந்துச்சு, அதுக்குக் கட்டுப்பட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

போன தையில ஊர் வாட்ஸ்அப் குழுவுல சித்தப்பா ஒரு படம் அனுப்பினார். ஐயனாருக்கு கான்கிரீட் மண்டபம், தரையெல்லாம் டைல்ஸ். வெளியூர்ப் பங்காளிங்க தலைக்கு இருபத்தஞ்சாயிரம். நான் உடனே கைகூப்புற பொம்மையைப் போட்டு "சந்தோஷம் சித்தப்பா"ன்னுட்டேன். சனிக்கிழமை பணம் அனுப்ப உட்கார்ந்தப்ப பொண்ணு தோளுக்குப் பின்னாடி நின்னு படத்தைப் பார்த்தா.

"இந்த இடத்துல மரம் இருக்குமேப்பா, என்ன செய்வாங்க?"

"கொஞ்சம் எடுப்பாங்க."

"மரத்துக்கிட்ட கேட்டாங்களா? சாமிகிட்டயாவது?"

அவ ஆட்டத்துல ட்ரூயிட் மரத்துக்கிட்ட பேசலாம். அந்தப் பழக்கத்துல கேட்டுட்டா. எனக்குத்தான் சுருக்குன்னு இருந்துச்சு. எங்க ஊர்லயும் கேட்டுத்தான் செய்வாங்க. வெள்ளைப்பூ, சிவப்புப்பூ தனித்தனியா இலையில மடிச்சுப் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லி உத்தரவு பார்ப்பாங்க. அதை நான் மறந்தே போயிருந்தேன். ஐயனார் காட்டைப் பார்க்காத பொண்ணு கேட்குறா, அங்கேயே வளர்ந்தவன் பணம் அனுப்பிட்டிருக்கேன்.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "பூப்போட்டுப் பார்த்தீங்களா சித்தப்பா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "தம்பி, வருசத்துக்கு ஒரு நாள் வர்றவனுக்கு நெழலு நல்லாத்தான் இருக்கும். மழையில பொங்கல் வைக்கிற பொம்பளைங்க நனையறது உனக்கெங்க தெரியும்?"

பதில் சொல்ல முடியலை. அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. ஊருக்கு வெளியில இருந்துகிட்டு காடு அப்படியே இருக்கணும்னு ஆசைப்படறது ஈஸி. "மண்டபம் வேணாம்னு சொல்லலை. கேட்டுட்டுச் செய்வோம்னுதான் சொல்றேன். பணம் நான் தர்றது தர்றதுதான்"ன்னேன். போனை வச்சுட்டார்.

ரெண்டு வாரம் கழிச்சு அவரே கூப்பிட்டார். ரெண்டு வீரை மரம் ஏற்கெனவே போயிடுச்சாம். மீதிக்குப் பூப்போட்டிருக்காங்க, உத்தரவு வரலை. மண்டபத்தைச் சின்னதாக்கி கிழக்கால தள்ளிட்டாங்களாம், பாலை மரம் தப்பிச்சுது. பூ சொன்னதா, இல்லை ஊர்லயே நாலு பேர் மனசுல அது உறுத்திக்கிட்டு இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. வாக்குக் கொடுத்தபடி பணத்தை அனுப்பிட்டேன்.

பொண்ணுகிட்ட சொன்னேன். பாலைக்குச் சந்தோஷப்படுவான்னு பார்த்தா, "அந்த ரெண்டு வீரைக்கு வயசு என்ன இருக்கும்ப்பா?"ன்னா. தாத்தா சின்னப் பையனா இருந்தப்பவே பெருசாத்தான் இருந்துச்சாம்னேன். பேசாம போய் பால்கனியில ஒரு கல்லு கூட வச்சா.

இங்க மகாராஷ்டிராவுலயும் இதே கதைதான். 'தேவ்ராய்'னு மலைக்கிராமங்கள்ல சாமி காடுகள் இருக்கு. மாதவ் காட்கிலும் வர்தக்கும் 1970கள்ல ஊர் ஊராப் போய் அதையெல்லாம் பதிவு செஞ்சாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு லீவு விட்டு, அஞ்சு பிள்ளைங்களையும் அப்படி ஒரு காட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். சொல்லாமலே செருப்பைக் கழட்டிட்டாங்க. தங்கமணி அதைப் பார்த்துட்டு என் பக்கம் திரும்பி ஒண்ணும் சொல்லலை. அதுக்கப்புறம் விளையாட்டுச் சாமி பேச்சு வீட்ல வர்றதில்லை.

மே மாசம் ஊருக்குப் போறோம். பொண்ணு இப்பவே ஒரு கேள்வி போட்டு வச்சிருக்கா: "நான் காட்டுக்குள்ள கடைசி வரைக்கும் போகலாமாப்பா?" எங்க ஊர்ல வயசுக்கு வந்த பொண்ணுங்க மண் குதிரையோட நின்னுக்கணும். அவ ஆட்டத்துல அவதான் பூசாரி. என்ன பதில் சொல்றதுன்னு இன்னும் தெரியலை.

சித்தப்பாகிட்ட பூப்போட்டுப் பார்க்கச் சொல்லலாம்னு இருக்கேன் :-) உங்க ஊர்ல எப்படிங்க?