கேட்கத் தயங்கும் அறங்காவலர்கள்

அறக்கட்டளைகளுக்கு நிதி திரட்டும் வேலையில் இருப்பவர்கள் கூடினால் ஒரு குறை தவறாமல் எழும். எங்கள் டிரஸ்டிகள் மீட்டிங்குக்கு வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், நன்கொடை கேட்க வாருங்கள் என்றால் மட்டும் ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்பார்கள். அவர்களுக்கு அக்கறை போதாது என்று நான் நினைக்கவில்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்கான எங்கள் மாலைநேரப் பள்ளிகளுக்காகப் பல வருடங்களாக இந்த வேலையைப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த காரணம் வேறு.

அரிசி ஆலை வைத்திருக்கும் எங்கள் டிரஸ்டி ஒருவர் அதை வெளிப்படையாகவே சொன்னார்: "இன்னிக்கு நான் அவர்கிட்ட ஒரு லட்சம் கேட்டா, அடுத்த மாசம் கும்பாபிஷேக ரசீது புக்கோட அவர் என் வீட்டுக்கு வருவார். இல்லைன்னு சொல்ல முடியுமாம்மா?"

முடியாதுதான். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். வாங்கியது நோட்டில் இருக்கும், திருப்பிச் செய்தாக வேண்டும். தெரிந்தவரிடம் கேட்டு வாங்கும் எந்தப் பணமும் நம் ஊரில் இப்படி எழுதாத ஒரு நோட்டில் ஏறிவிடுகிறது. பணம் அறக்கட்டளைக்கு வருகிறது, கடன் டிரஸ்டியின் பெயரில் நிற்கிறது. அந்தக் கடனை அவர் தோளிலிருந்து இறக்குவதுதான் என் தொழிலின் பாதி.

அதனால் டிரஸ்டிகளைப் பணம் கேட்கச் சொல்வதை விட்டுவிட்டேன். நண்பரை ஒரு மாலை பள்ளிக்கு அழைத்து வாருங்கள், அது போதும் என்பேன். பிள்ளைகள் கணக்குப் போடுவதை அவர் பார்த்த பிறகு, ஒரு நாள் குறித்து நானும் டிரஸ்டியும் அவர் வீட்டுக்கோ கடைக்கோ போவோம். தொகையைச் சொல்வது நான். டிரஸ்டி இரண்டே விஷயம் பேசினால் போதும்: இந்த வேலைக்கு ஏன் வந்தார், தன் கையிலிருந்து என்ன கொடுத்தார்.

முதலாவதற்கு ஈடாக நான் எழுதிக் கொடுக்கக்கூடிய பேச்சு எதுவும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததற்குப் பின்னால் அந்த இழப்பு இருக்கிறது. அப்படி ஒரு காரணம் உள்ளவர் கேட்கும்போது, எதிரே இருப்பவர் கணக்குப் பார்ப்பதற்கு முன்பே காது கொடுத்துவிடுகிறார். இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால் டிரஸ்டி முதலில் தான் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் பென்ஷனிலிருந்து மாதம் 500 ரூபாய் தருகிறார். அவர் அதைச் சொன்ன வீடுகளில், அதற்குப் பிறகு பேச்சின் தன்மையே மாறியிருக்கிறது.

ஓர் ஆசிரியரின் ஓராண்டு மதிப்பூதியம் இவ்வளவு, அதை நீங்கள் ஏற்க வேண்டும் என்று தொகையைச் சொன்னதும் ஓர் அமைதி வரும். கொடுப்பவர் மனசுக்குள் கணக்குப் போடும் நேரம் அது. அதைத் தாங்க முடியாமல் டிரஸ்டி, "உங்களால முடிஞ்சதைப் பண்ணுங்க சார்" என்று குறுக்கே வந்துவிட்டால், ஓர் ஆசிரியர் அங்கேயே ஐயாயிரம் ரூபாயாகச் சுருங்கிவிடுவார். மரியாதையால் வரும் வார்த்தைதான் அது. ஆனாலும் அந்த நேரத்தில் பேசாதிருக்க வேண்டும் என்று படியேறுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் இப்படி வரமாட்டார்கள், வரவும் வேண்டாம். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், யாரிடமும் கேட்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவரிடம் நன்றி சொல்லும் வேலையைக் கொடுத்தோம். பணம் வந்த வாரத்திலேயே கொடுத்தவருக்குப் போன் செய்வார். எடுப்பவர்கள் முதலில் தயங்குவார்கள், அடுத்த வசூலுக்கோ என்று. "ஒண்ணும் வேண்டாங்க, வந்து சேர்ந்துச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றதும் பேச்சு நீளும். மகளின் படிப்பு, மூட்டுவலி, தை மாதம் வரும் அம்மாவின் நினைவு நாள் என்று வரும் எல்லாவற்றையும் அவர் குறித்து வைப்பார். அந்த நினைவு நாளுக்கு முன் ஒரு கடிதம் போகும். அன்று பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று அவர்களே கேட்டு வருகிறார்கள். டிரஸ்டியின் நண்பராக வந்தவர் பள்ளியின் சொந்தமாக மாறுவது பெரும்பாலும் இந்தப் போன்களில்தான். அதற்குப் பிறகு அவர் கொடுப்பதற்கு டிரஸ்டி யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை.

நன்கொடைக்கான வரிக் கழிவைச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள் என்றும் டிரஸ்டிகளிடம் சொல்லி வருகிறேன். 2023-24 முதல் புதிய வரிமுறைதான் இயல்பாக வருவது, அதில் அந்தக் கழிவு கிடையாது. பழைய முறையில் இருப்பவருக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. நண்பர்களிடம் வாங்கியதை ஒரே கவரில் போட்டுப் பெயரில்லாமல் கொண்டுவந்தால் ஆடிட்டருக்குத்தான் தலைவலி. ஒவ்வொருவரின் பெயரும் முகவரியும் பான் எண்ணும் வேண்டும்.

புதிதாக ஒருவரை டிரஸ்டியாக அழைக்கும்போது இப்போது இவற்றையெல்லாம் முன்கூட்டியே பேசிவிடுகிறோம்: வருடாவருடம் தன் பங்கு, பள்ளியைப் பார்க்கச் சில நண்பர்கள், கூடவே வருவதா நன்றி சொல்வதா என்று ஏதாவது ஒரு பொறுப்பு. கேட்டுவிட்டு, வேண்டாம் என்று நட்போடு விலகியவர்கள் உண்டு. அவர்களில் சிலர் டிரஸ்டியாக இல்லாமலே வருடம் தவறாமல் நன்கொடை அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் அந்த அம்மாவின் போன் போகிறது.