மாப்பேணியில் ஒரு வினா

சென்ற ஆவணியில் எமது வீட்டுக் குரக்கன் மாப்பேணியைத் திறந்தபோது, மாவெல்லாம் சிலந்திநூல் போற் பின்னிக் கிடந்தது. உள்ளே வெண்புழுக்கள் நெளிந்தன. இல்லாள் முகஞ் சுளித்தாள். நாமோ அதனை வகுப்பிற்கு எடுத்துச் சென்றோம். ஆசிரியத் தொழிலின் பித்து அத்தகையது! இவ் வந்துப்புழுக்களைக் கொல்லும் வைரசு ஒன்றுண்டெனவும், சில புழுக்கள் அதற்கு எளிதில் ஆட்படா எனவும் விளக்கினோம். கடைசி வாங்கிலிருந்த மாணவனொருவன், "அப்படியாயின் எல்லாப் புழுக்களுமே அவ்வன்மையை ஏன் பெறவில்லை, ஐயா?" என்றான். எமக்கு விடை தெரியவில்லை. நாளை கூறுவோமென நழுவினோம். இருபதாண்டு கற்பித்தவர்க்கு அது சிறு வெட்கமன்று.

அன்றிரவு தேடிப் படித்தோம். பூட்சு, பேகன் என்னும் ஆய்வாளர் இருவர், இந்திய மா அந்து எனப்படும் இனத்தைத் தலைமுறை தலைமுறையாக வைரசின் நடுவே வளர்த்து, கண்டவற்றை 1993இல் வெளியிட்டனர். புழுக்களின் எதிர்ப்பாற்றல் மிகுந்தது. ஆனால், அவை வளர்ந்து சிறகு பெறக் கூடிய நாட்கள் பிடித்தன. முட்டைகளும் குறைவாகவே பொரித்தன. கூட்டுப்புழுவின் நிறை மட்டும் ஏறியிருந்தது. நோயை வெல்லும் வன்மை விலையின்றிக் கிட்டவில்லை.

மறுநாள் இதனைக் கூறினோம். மாணவன் சற்றே சிந்தித்து, "நோயில்லாத பேணியில் அது நட்டந்தானே, ஐயா?" என்றான். நாம் சொல்லவிருந்ததை அவனே சொல்லிவிட்டான்.