பனங்கட்டித் துண்டு

எங்கள் சல்லிக் கிராமத்தில் முத்துமாரியம்மன் சந்நிதியில் முடி இறக்காத பிள்ளைகளைக் காண்பது அரிது. என் தமக்கைக்கோ மூன்று முறை இறக்கினார்கள். முதன்முறை நேர்த்திக்கடன். மற்றை இருமுறையும், அவள் தன் தலைமயிரைத் தானே பிடுங்கினாள் என்பதற்காக.

1987ஆம் ஆண்டளவில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. பாடம் படிக்கையில் வலக்கை தானாகவே உச்சிக்குச் செல்லும். ஒரு மயிரைத் தேடி, விரலிற் சுற்றி, வெடுக்கென இழுக்கும். நாளடைவில் உச்சியிலே ஒரு ரூபாய்க் குற்றியளவு வழுக்கை விழுந்தது. அம்மா அவள் விரல்களில் வேப்பெண்ணெய் பூசினார், இரவிற் கைகளைத் துணியாற் கட்டினார், ஈற்றில் மொட்டையடிப்பித்தார். மயிர் வளர்ந்ததும் கையும் பழைய இடத்தைத் தேடிற்று. "பிடிவாதக்காரி" என்றனர் வீட்டார். "பேய்க்கோளாறு" என்றனர் அயலார். என் பங்கு யாதெனில், அவள் கை மேலே செல்லுந்தோறும் அம்மாவிடம் கோள் சொல்லி, அதற்குக் கூலியாகப் பனங்கட்டித் துண்டொன்று பெறுவதே.

அது பிடிவாதமுமன்று, பேயுமன்று; நோய் என்பதை நான் அறிந்தது மிகப் பிந்தியே. பிரான்சிய தோல்நோய் வைத்தியர் ஹலோப்போ 1889இலேயே அதற்குப் பெயரிட்டிருக்கிறார். தோலைச் சுரண்டிச் சுரண்டிப் புண்ணாக்கும் நோய் இதன் உடன்பிறப்பு. இரண்டும் நூற்றுக்கு ஓரிருவரைப் பற்றுவனவாம்.

நம் மூளையில் நரம்பணுக்களை உசுப்பிவிடும் தூதுப்பொருள்களுள் தலையாயது குளூட்டமேற்று. பழக்கங்களை இயக்கும் நரம்புப் பாதைகளில் அதன் சமநிலை குலைவதனால், 'செய்' என்னும் ஏவல் ஓங்கி, 'நில்' என்னும் தடை தளர்ந்துவிடக்கூடும் என்று ஆய்வாளர் கருதினர். அச்சமநிலையைச் சீர்செய்ய அவர்கள் கையிலெடுத்தது நமக்கும் புதியதன்று. பரசிற்றமோலை அளவுமீறி விழுங்கியவர்களைக் காப்பாற்ற நம் வைத்தியசாலைகளில் ஏற்றும் என்-அசெற்றைல்சிஸ்டீன் என்னும் மருந்தே அது.

2009இல் அமெரிக்க வைத்தியர் ஜோன் கிராண்ட் குழுவினர் மயிர்பிடுங்கும் நோயுடைய 50 பேரிடம் அதனைப் பன்னிரண்டு வாரம் சோதித்தனர். மருந்துண்டவருள் 56 வீதத்தினர் நன்கு தேறினர். வெறும் மாத்திரை உண்டவருள் 16 வீதத்தினரே தேறினர். 2016இல் தோல் சுரண்டும் 66 பேரிடம் அவ்வேறுபாடு 47க்கு 19 ஆயிற்று. 2023இல், மறதிநோய்க்கு வழங்கும் மெமான்ரீன் என்னும் மருந்தை இருவகை நோயாளருமாக 100 பேரிடம் சோதித்தபோது, 60 வீதத்தினர் தேறினர். மருந்தற்றோர் 8 வீதத்தினரே.

ஆயினும் மகிழ்ச்சியில் நிதானம் இழத்தலாகாது. 2013இல் 39 சிறுவர்களிடம் என்-அசெற்றைல்சிஸ்டீனைச் சோதித்தபோது, வெறும் மாத்திரையினும் மேலான பயன் எதுவும் தோன்றவில்லை. ஆகவே, கடையில் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று எவரும் எண்ணவேண்டாம். வைத்தியரே முடிவு செய்யவேண்டும். கை எழும் வேளையை உணரச்செய்து, அவ்வேளையில் அதற்கு வேறு தொழில் கொடுக்கும் பயிற்சியொன்று 1973இலிருந்து வழக்கிலுண்டு. சிறுவர்க்கு முதலில் நாடவேண்டியது அதுவே.

அண்மையில் ஒரு மாலை, தமக்கையின் வீட்டு முற்றத்திலிருந்து இவற்றையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். பேரப்பிள்ளை காணும் வயதிலும் அவள் தலையிலிருந்து முக்காடு நீங்கியதில்லை. நெடுநேரம் கடலைப் பார்த்திருந்துவிட்டு, "தம்பி, அந்த நாளையில ஆராவது இது ஒரு வருத்தம் எண்டு சொல்லியிருந்தால், நான் என்னையே வெறுத்திருக்க மாட்டன்" என்றாள்.

பனங்கட்டிக் கதையையும் அன்றுதான் ஒப்புக்கொண்டேன். "அது எனக்கு அப்பவே தெரியும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் புத்தக இடுக்கிலே உதிர்ந்த மயிரைக் கண்டால், கையைக் கட்டாதீர்கள். அக்கையைப் பற்றிக்கொண்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாணவர்களே, அருகிலிருக்கும் தோழியின் முக்காட்டை இழுத்து நகையாடாதீர்கள். மருந்து பலித்தாலும் பலிக்காவிட்டாலும், குற்றவாளி என்னும் பெயரை அவள் தலையிலிருந்து இறக்கிவைப்பது நம் கையிலேயே இருக்கிறது.