டேப்பட் சத்தம் கேட்குதா?

பொங்கலுக்கும் கோடை லீவுக்கும் காரிலேயே ஊருக்குக் கிளம்புகிற ஹைதராபாத் தமிழ்க் குடும்பங்களுக்காக இந்தப் பதிவு. மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. பேங்க் ஆபீசருக்கு எஞ்சினில் என்ன வேலை என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். படித்தது பி.காம்.தான். ஆனால் பழைய டீசல் காரில் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தார்நாகாவில் இருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவன் பானெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

இன்று பேசப்போவது ராக்கர் ஆர்ம் பற்றி. கிராமத்துக் கிணற்றில் ஏற்றம் பார்த்தவர்களுக்குப் பாதி விஷயம் புரிந்த மாதிரி. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும். எஞ்சினில் கேம் ஷாஃப்ட் சுற்றும்போது அதன் மேடு ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கிறது. காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வழி விடுவது இந்த விரல் நீளத் துண்டு இரும்புதான். அம்பாசடரில் கீழே இருக்கும் கேமில் இருந்து நீளமான கம்பி வந்து ராக்கரைத் தூக்கும். மாருதி 800-இல் கேமே மேலே ஏறிவிட்டது. இரண்டிலும் திருகை முடுக்கி இடைவெளி வைக்க வேண்டும். அதைத்தான் மெக்கானிக்குகள் 'டேப்பட் செட்டிங்' என்கிறார்கள்.

நம்மில் பலரிடம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் 1.3 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு வருகிறேன். ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து செய்து 2003-இல் வெளிவந்தது. 1248 சி.சி., 16 வால்வு. 2005-இல் தன் பிரிவில் 'இன்டர்நேஷனல் எஞ்சின் ஆஃப் தி இயர்' விருது வாங்கியது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, விஸ்டா, மான்ஸா, புன்ட்டோ, லினியா என்று எல்லோர் வயிற்றிலும் இதுதான். இந்தியாவின் தேசிய டீசல் எஞ்சின் என்றே கார்ப் பைத்தியங்கள் செல்லமாகச் சொல்வார்கள். 2020 ஏப்ரலோடு மாருதி டீசலை நிறுத்திவிட்டது. ஆகவே நம் கையில் இருக்கும் எல்லாமே வயதான வண்டிகள்.

இந்த எஞ்சினில் டேப்பட் செட்டிங் வேலையே கிடையாது. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு சின்ன ராக்கர். அதன் நடுவில் ஒரு உருளை, உருளைக்குள் ஊசி மாதிரி மெல்லிய பேரிங்குகள். ஒரு முனை வால்வின் மேல், மறுமுனை எண்ணெய் அழுத்தத்தில் தானாக நீண்டு குறுகும் ஒரு குமிழின் மேல். எண்ணெய் சரியாக வரும்வரை இடைவெளி தானாகவே சரியாக இருக்கும். வராவிட்டால்தான் வம்பு. எஞ்சின் 2000 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1000 தடவை திறக்கிறது. சென்னைக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு ராக்கரும் 6 லட்சம் தடவை அடி வாங்குகிறது. அதற்கு நாம் கொடுக்கும் கூலி கொஞ்சம் சுத்தமான எண்ணெய்.

எங்கள் அபார்ட்மெண்ட் கதையைச் சொன்னால் விளங்கும். கீழ் வீட்டு மாமா ரயில்வேயில் ரிடையர் ஆனவர், திருச்சிக்காரர். திருச்சியில் அவர் அம்மாவுக்கு வருஷாப்திகம். மறுநாள் அதிகாலை கிளம்பலாம் என்று, ஒரு மாதமாக செல்லாரில் நின்றிருந்த டீசல் ஸ்விஃப்டில் சாவியைத் திருப்பினார். பேட்டரி காலி. வாட்ச்மேனும் நாலு பையன்களும் வண்டியைத் தள்ள, மாமா கியரைப் போட்டு கிளச்சை விட்டார். ஒரே குலுக்கல், 'கடகட'வென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு வேறு பேட்டரி வைத்துத் திருப்பியபோது ஸ்டார்ட்டர் தையல் மிஷின் மாதிரி லேசாகச் சுற்றியதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை.

அந்த லேசான சுற்றுதான் முதல் தடயம். ராக்கர் உடைந்தால் வால்வு திறக்காது, சிலிண்டருக்குள் காற்று வராது, அமுக்குவதற்கு ஒன்றுமில்லை. அதனால் ஸ்டார்ட்டருக்குச் சுமையே இல்லை.

பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் எதையும் திறக்காமலே "ஹெட் மொத்தமாக மாற்றணும்" என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஒரு லட்சத்தைத் தொட்டது. வண்டியை விற்றாலே இரண்டு லட்சம் வந்தால் அதிசயம். மாமா பென்ஷன்காரர். அன்று இரவு சார்மினார் எக்ஸ்பிரஸில் தட்கல் போட்டுக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார், சாவி என்னிடம். (கடன் கேட்டு வருகிறவர்களின் எஸ்டிமேட்டையே வரி வரியாகப் பார்க்கிற ஆள் நான். இதை விடுவேனா?)

எங்கள் பக்கத்து மெக்கானிக் பாய் மேல்மூடியைக் கழற்றினார். பதினாறில் ஏழு ராக்கர் இரண்டு துண்டு. டைமிங் செயின் பல் தாண்டியிருந்தது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கும் எண்ணெய் அழுத்தம்தான் பலம். நின்றுபோன எஞ்சினில் அந்த அழுத்தம் இல்லை, அதில் தள்ளு ஸ்டார்ட்டின் குலுக்கல். செயின் தாண்டினால் வால்வு திறக்கும் நேரம் மாறி, மேலே வரும் பிஸ்டன் வால்வை முட்டுகிறது. அந்த அடியில் முதலில் முறிவது ராக்கர். அது முறிவதால் பல சமயம் வால்வும் பிஸ்டனும் தப்பிவிடும், ஃபியூஸ் போகிற மாதிரி. பாய் சிலிண்டர் சிலிண்டராகக் காற்றடித்துப் பார்த்தார், எந்த வால்வும் வளையவில்லை. உடைந்த துண்டுகளையும் ஊசி பேரிங்குகளையும் ஒரு தட்டில் வைத்து எண்ணினார். குறைந்ததைத் தேடி ஆயில் சம்ப்பையும் இறக்கினார். அதுதான் வேலை தெரிந்தவனின் அடையாளம். ஒரு ஊசி உள்ளே தங்கினாலும் எங்கே போய்ச் சிக்கும் என்று யாருக்குத் தெரியும்? பதினாறு ராக்கரும் புதுசு, செயின் செட் புதுசு, எண்ணெய் புதுசு. எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்கில் முடிந்தது. கடைசியில் பாய் சொன்னது: "தக்கா நக்கோ மாரோ சாப்!" பேட்டரி போனால் கேபிள் போட்டு ஜம்ப் ஸ்டார்ட் செய்யுங்கள், தள்ளாதீர்கள்.

எல்லா ராக்கரும் இப்படி ஒரே அடியில் போவதில்லை. பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லும். எங்கள் வங்கி பாஷையில் எஸ்.எம்.ஏ. என்று உண்டு. தவணை ஒரு நாள் தவறினாலே கணக்கு எஸ்.எம்.ஏ.-0, 30 நாள் தாண்டினால் 1, 60 தாண்டினால் 2, 90 தாண்டினால் வாராக்கடன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி 'டிக் டிக்' என்று கேட்டு அடங்கினால் எஸ்.எம்.ஏ.-0, எண்ணெய் மேலே ஏற நேரமாகிறது. சூடான பிறகும் நிற்காமல் கேட்டால் கவனியுங்கள். அதோடு ஐடிலில் வண்டி உதறி, இழுவையும் குறைந்தால் ஊருக்குப் போகும் பிளானைத் தள்ளிப்போடுங்கள்.

எல்லா டிக்கும் ராக்கர் இல்லை. டீசல் இன்ஜெக்டர் பிறவியிலேயே டிக்டிக் என்றுதான் பேசும். சைலன்ஸர் பக்கம் புகை கசிந்தாலும் அதே சத்தம், ஆனால் சூடானதும் பெரும்பாலும் குறையும். ராக்கர் சத்தம் மேல்மூடியில் இருந்து, எஞ்சின் சுற்றில் சரிபாதி வேகத்தில் வரும். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை மூடியில் வைத்து பிடியில் காதை வைத்தால் எந்த சிலிண்டர் என்பது வரை பிடிக்கலாம் (பெல்ட், ஃபேன் பக்கம் தலையை நீட்டாமல்). கீழே இருந்து கனமாக 'டொக் டொக்' என்று, ஆக்சிலரேட்டர் மிதித்தால் கூடினால், அது பேரிங். வண்டியை அணைத்துவிடுங்கள்.

மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டேப்பட் சத்தமே கேட்கக்கூடாது என்று மெக்கானிக்கிடம் இறுக்கச் சொல்லாதீர்கள். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, நாளடைவில் விளிம்பு கருகும். தளர்வாக விட்டால் ராக்கர் தேயும். ஃபீலர் கேஜ் வைத்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது, கையேட்டில் சொன்ன அளவு.

மற்றபடி எண்ணெய்தான். தார்நாகாவில் இருந்து கோட்டிக்கு சிக்னல் சிக்னலாக நின்று போகிற வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. கரி சேர்ந்த எண்ணெய் கெட்டியாகி, அந்தக் குமிழ்களுக்குப் போகும் ஊசித் துளைகளை அடைக்கும். நான் 10,000 வரை காத்திருக்காமல் 7,500-இல் மாற்றுகிறேன், கையேட்டில் சொன்ன கிரேடு மட்டும். ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை என்று இழுக்காமல் அந்த இடத்திலேயே ஓரம் கட்டுங்கள். ஏற்காடு மாதிரி மலையில் இறங்கும்போது நாலுக்குப் பதில் இரண்டாம் கியர் விழுந்தாலும் வால்வுகள் தடுமாறும், நிதானமாக மாற்றுங்கள்.

பழைய டீசல் ஸ்விஃப்ட் வாங்கப் போகிறவர்கள் காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து சத்தத்தை அடக்கி வைத்திருக்கிறார்கள்.

மாமா இந்தப் பொங்கலுக்கு அதே வண்டியில்தான் திருச்சி போகிறார். செல்லாரில் வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஒரு ரவுண்டு ஓட்டும் வேலை இப்போது என்னுடையது. ஜம்பர் கேபிள் எங்கள் வீட்டில் இருக்கிறது, வேண்டுகிறவர்கள் வாங்கிக்கொண்டு போகலாம், திருப்பித் தந்துவிட வேண்டும்.