பேலம் குகையில் நாங்க போட்ட தப்பான டயக்னோசிஸ்

காலேஜ் டூர் சீசன் ஆரம்பிச்சாச்சு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச ஒரு த்ரெட். கொஞ்சம் பொறுமையா படிங்க.

1. எம்பிபிஎஸ் மூணாவது வருஷம். பேட்ச் டூர்ல ஆந்திராவின் பேலம் குகைக்குப் போனோம். அப்போ கர்நூல் மாவட்டம், இப்போ நந்தியால். சமவெளி, வயல்காடு. நடுவுல ஒரு பள்ளம். அதுல படி இறங்கினா மூணு கிலோமீட்டருக்கு மேல நீளமான சுண்ணாம்புக்கல் குகை!

2. மழைத்தண்ணி மண்ணுல இருக்கற கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கிட்டு கார்பானிக் அமிலமா மாறும். அது சுண்ணாம்புக்கல்லைக் கரைச்சு வழி பண்ணும். உள்ளே சொட்டும்போது வாயு வெளியேறி, சுண்ணாம்பு திரும்பப் படியும். மேலிருந்து தொங்குற விழுது அப்படி உருவானதுதான். நம்ம ரத்தத்துல ஓடுறதும் இதே கெமிஸ்ட்ரிதாங்க.

3. இந்தக் குகையைப் பத்தி 1884ல் பதிவு செஞ்சவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். நம்ம பல்லாவரத்துல 1863ல் கற்கோடாரி கண்டெடுத்த அதே மனுஷன்.

4. உள்ளே செம புழுக்கம். ஆழமான இடம் பாதாளகங்கை, 46 மீட்டர். அங்க போயிட்டு படியேறும்போது எங்க பேட்ச் பொண்ணு ஒருத்தி சுவரைப் பிடிச்சு நின்னுட்டா. வேர்வை, படபடப்பு, மூச்சு வாங்குது.

5. சுத்தி நாற்பது அரைகுறை டாக்டர்கள். "பயந்துட்டா, பேனிக் அட்டாக்"னு முதல்ல சொன்னது நான்தான். முறுக்கு வச்சிருந்த பேப்பர் கவரைக் காலி பண்ணி "இதுக்குள்ள மூச்சு விடு"ன்னு மூக்குல வச்சதும் நான்தான்.

6. அவ தலையை ஆட்டி கவரைத் தள்ளினா. பேச முடியல. ஒரு வார்த்தை, ஒரு மூச்சு. நாங்க அதையும் பயம்னே நினைச்சோம்.

7. கைடு ஐயா வந்தார். அம்பது வயசிருக்கும். கவரைப் பிடுங்கிப் போட்டுட்டு "முந்து பயட்டிகி"ன்னார். முதல்ல வெளியே. ரெண்டு பேரைத் தோள் கொடுக்கச் சொல்லி மேலே ஏத்தினார்.

8. வெளியே வந்ததும் அவ கை பஸ்ஸைக் காட்டுச்சு. பையில இன்ஹேலர்! சின்ன வயசுலேர்ந்து ஆஸ்துமா. சொன்னா டூருக்குக் கூட்டிட்டுப் போகமாட்டாங்கன்னு மறைச்சிருக்கா. இன்ஹேலர் எடுத்தும் முழுசா அடங்கல. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில நெபுலைசர் வச்ச பிறகுதான் சரியாச்சு.

9. ஆஸ்துமாவுல ஏற்கனவே ஆக்சிஜன் குறையும். கவருக்குள்ள மூச்சு விட்டா இன்னும் குறையும். இன்னும் பத்து நிமிஷம் அங்கேயே நின்னிருந்தா? அந்தக் கேள்வி இன்னும் என்னை விடல.

10. இன்னைக்கு கேஷுவாலிட்டியில "சும்மா பயந்துட்டா சார், வீட்ல சண்டை"ன்னு சொல்லித்தான் பல பொண்ணுங்களைக் கூட்டிட்டு வராங்க. பாதி நேரம் அது உண்மைதான். ஆனாலும் ஸ்டெத் வச்சு, ஆக்சிஜன் பார்த்து, முழு வாக்கியம் பேச வச்சுப் பார்த்த பிறகுதான் "பயம்"ங்கற வார்த்தை என் வாயில வரும். வீஸ் கேக்கலைன்னா நிம்மதின்னும் கிடையாது. காத்தே போகாத நெஞ்சும் அமைதியாத்தான் இருக்கும்.

11. குகைக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போற வாத்தியாருங்களுக்கு: ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் இருக்கான்னு தனியா கேளுங்க, எல்லார் முன்னாடியும் வேண்டாம். "சொன்னா விட்டுட்டுப் போகமாட்டோம்"னு முதல்லயே சொல்லிடுங்க. இன்ஹேலர் பஸ்ல இல்ல, பாக்கெட்ல இருக்கணும். யாருக்காவது மூச்சு வாங்கினா, காரணம் தேடாதீங்க, முதல்ல வெளியே.

12. அவ இப்போ குழந்தைகள் டாக்டர். அவகிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதினேன். "அந்த முறுக்கு வாசனையையும் எழுதுடா"ன்னா. எழுதிட்டேன்.